பழைய டிராக்டரா, புது டிராக்டரா: தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கு எது தோது?

ஆடிப்பட்டம் நெருங்கினால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மூணு லட்சத்துக்குப் பழைய மாஸி ஒண்ணு வருது. புதுசுன்னா எட்டு லட்சம் சொல்றான். எதை எடுக்கறது?" கேட்பவர் பெரும்பாலும் ஐந்து ஏக்கரிலிருந்து பத்து ஏக்கர் வரை வைத்திருப்பவர். கொஞ்சம் கிணற்றுப் பாசனம், மீதி மானாவாரி. பாலக்கோட்டுப் பக்கமென்றால் தக்காளி, போச்சம்பள்ளிப் பக்கமென்றால் மா, அரூர்ப் பக்கமென்றால் மரவள்ளியோ கரும்போ இருக்கும்.

இதற்கு "பழசுதான் கெட்டி" என்று ஒரு கட்சி, "புதுசுதான் நிம்மதி" என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே, கேட்டவரின் நிலத்தையும் வேலையையும் விசாரிக்காமல் சொல்லும் பதில்கள். நான் முதலில் கேட்பது, வருடத்தில் வண்டி எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைத்தான். அந்த எண் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஓடும் நேரம். சொந்த நிலம் எட்டு ஏக்கர் மட்டும் என்றால், உழவு, பார் பிடிப்பது, எரு அடிப்பது, சந்தைக்கு ஒரு நடை என்று எல்லாம் சேர்த்தாலும் வண்டி வருடத்துக்கு இருநூறு, இருநூற்றைம்பது மணி நேரம் ஓடினால் அதிகம். ஊருக்குள் வாடகைக்கும் ஓட்டினால் அறுநூறு, எழுநூறைத் தொடும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே வண்டி பொருந்தாது.

என்ன வேலை. ஒன்பது கொத்துக் கலப்பை மட்டும் மாட்டப் போகிறீர்களா, மண்ணைக் கொத்திப் பொடியாக்கும் ரோட்டவேட்டரும் வேண்டுமா, டிரெய்லரில் பாரம் ஏற்றிச் சாலையில் போவீர்களா? ஐந்தடி ரோட்டவேட்டருக்கு நாற்பது ஹெச்.பி. அளவிலாவது வண்டி வேண்டும். சரளை நிலத்தில் ரோட்டவேட்டர் கத்தி தேய்ந்துகொண்டே இருக்கும். அங்கே கல்லில் பட்டால் தாவி எழுகிற ஸ்பிரிங் கலப்பைதான் பிழைக்கும்.

ஈரம் நிற்கும் நாட்கள். நம் மண்ணுக்கே உரிய விஷயம் இது, பலரும் கணக்கில் எடுப்பதில்லை. நம் செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் வடித்துவிடும். ஒரு நல்ல மழை பெய்தால் மூன்று, நான்கு நாளைக்குத்தான் கலப்பை இறங்கும் பதம் இருக்கும். அதைத் தாண்டினால் மேல்மண் இறுகி, கொத்து மண்ணைக் கீறிக்கொண்டு மேலாகவே போகும். நிலக்கடலை விதைக்கவேண்டிய அந்த நான்கு நாளில் ஊர் மொத்தமும் ஓட்டும், வாடகை வண்டி எதுவும் கிடைக்காது. வருடத்தின் மற்ற நாட்களில் வண்டி படுத்தால் எரிச்சலோடு முடிந்துவிடும். அந்த நான்கு நாளில் படுத்தால் பட்டமே போய்விடும்.

பக்கத்து மெக்கானிக். உங்கள் ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் அந்த வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருக்கிறாரா, சாமான் எங்கே கிடைக்கும் என்பது.

காசு. வாங்கும் விலை, வட்டி, டீசல், ரிப்பேர், பிறகு விற்கும்போது கிடைப்பது. முதல் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம்.

## பழசு, புதுசு என்று இரண்டாகப் பிரித்தால் போதாது

சந்தையில் இப்போது மூன்று தலைமுறை வண்டிகள் ஓடுகின்றன.

முதலாவது, 2010-க்கு முந்தைய வண்டிகள். மாஸி 1035, மகிந்திரா 265, 575, ஸ்வராஜ் 735, 855, ஒற்றைச் சிலிண்டர் ஐஷர் 242, எச்.எம்.டி., போர்டு 3600 எல்லாம் இந்தக் கூட்டம். இவற்றில் சில மாடல்கள் இன்றும் புதிதாக வருகின்றன, ஆனால் உள்ளே பல பாகங்கள் மாறிவிட்டன. அதனால் பெயரைவிட எந்த வருடத்து வண்டி என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, 2010, 2011 ஆண்டுகளில் டிரெம் 3ஏ புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு செய்த வண்டிகள். டீசல் பம்ப் இன்னும் மெக்கானிக்கல்தான். ஆனால் பவர் ஸ்டீயரிங், எண்ணெயில் மூழ்கிய பிரேக், டூயல் கிளட்ச், கால்களுக்கு நடுவே இல்லாமல் பக்கத்தில் இருக்கும் சைடு கியர் எல்லாம் சாதாரணமாகிவிட்டன.

மூன்றாவது, இன்றைய ஷோரூம் வண்டிகள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். டிரெம் 4 விதி 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது சுமார் 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான். அவற்றில்தான் ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் மிகுந்த அழுத்தத்தில் டீசல் கொடுக்கும் காமன் ரெயில் முறை, அதை நடத்தும் கம்ப்யூட்டர், சென்சார் எல்லாம் வருகின்றன. ஷோரூமில் 49 ஹெச்.பி., 49.5 ஹெச்.பி. என்று இத்தனை மாடல்கள் நிற்பதற்கும் அந்தக் கோடுதான் காரணம். "புது வண்டின்னா எல்லாம் சென்சார், நம்ம ஊர் மெக்கானிக்கு ஆகாது" என்ற பயம் 55 ஹெச்.பி. வாங்குபவருக்கு நியாயமானது. 42 ஹெச்.பி. வாங்குபவர் அதை நினைத்துப் புது வண்டியை ஒதுக்கினால் தேவையில்லாமல் பயப்படுகிறார் என்றுதான் சொல்வேன். விதிகள் இன்னும் இறுகும் என்ற பேச்சு இருக்கிறது. அதனால் வாங்கும் நாளில் "இதில் எந்த பம்ப், எந்த டிரெம்?" என்று நேராகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

## 2010-க்கு முந்தைய வண்டி

இதன் பலம் எளிமை. மாஸி 1035-இல் இருக்கும் மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜினை நம் மாவட்டத்தில் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் பிரிப்பார்கள். நாசில், கேஸ்கட், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப் எல்லாம் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கடையில் நின்று வாங்கலாம். கம்பெனி சாமான் கிடைக்காவிட்டால் மாற்றுச் சாமான் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் லேத்தில் கடைந்து போடுவார்கள். பேட்டரி இறங்கினாலும் மேட்டில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்துவிடலாம்.

ஐஷர் 242 காற்றில் குளிரும் இன்ஜின். அதில் ரேடியேட்டரே இல்லை, தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. கலப்பை, டேங்கர், டைனமோ என்று சின்னச் சின்ன வேலைக்கு மட்டும் வண்டி தேடுபவருக்கு இன்றும் அது நல்ல வண்டிதான்.

எச்.எம்.டி. எடுக்கிறவர் ஒன்றை யோசிக்க வேண்டும். பிஞ்சூரில் இருந்த அதன் டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. வண்டி உறுதியானது, விலையும் மலிவு. ஆனால் சாமான் இனி பழைய ஸ்டாக்கிலிருந்தும் உடைத்து விற்கும் வண்டிகளிலிருந்தும்தான் வரும். பக்கத்தில் அதையே கட்டி மேய்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தால் மட்டும் எடுக்கலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் இவை. முதலில் டயர். பின் டயர் ஜோடி மாற்றினால் நாற்பதாயிரம் அளவில் போய்விடும். விலை பேசும்போது யாரும் அதைச் சேர்ப்பதில்லை. அடுத்து டீசல். தேய்ந்த பம்பும் ரிங்கும் உள்ள வண்டி அதே வேலைக்கு மணிக்கு அரை லிட்டர் கூடுதலாகக் குடிப்பது சாதாரணம். பிறகு உடம்பு. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் நாள் முழுக்கத் திருப்பித் திருப்பி ஓட்டினால் தோள்பட்டை மறுநாள் எழாது. ஐம்பது வயதைத் தாண்டி தானே ஓட்டப் போகிறவர் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை பிரேக். பழைய உலர் பிரேக்கில் தண்ணீரும் சேறும் பட்டால் பிடி குறையும். பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மாதிரி ஏற்ற இறக்கமுள்ள பாதையில் பாரம் ஏற்றிய டிரெய்லரோடு இறங்குகிறவர் இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய வண்டியைத் தவிர்க்கலாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், சாலையில் ஏறும்போது இரண்டு பிரேக் பெடலையும் தாழ்ப்பாளால் சேர்த்துப் பூட்டாமல் ஓட்டவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்று கவிழும்.

யாருக்குப் பொருந்தும்: சொந்த நிலம் மட்டும், கலப்பை வேலைதான் அதிகம், சமதளம், கூப்பிடு தூரத்தில் மெக்கானிக், கையில் இருக்கும் காசுக்குக் கடனில்லாமல் முடிக்க வேண்டும் என்பவருக்கு. அவரும் ஆடிக்கு ஒரு மாதம் முன்பே பெல்ட், ஹோஸ், பில்டர், கிளட்ச், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்து வைத்துவிட வேண்டும். அந்த நான்கு நாளுக்குத்தான் இந்த ஏற்பாடு.

## 2010-க்குப் பிந்தைய, கை மாறிய வண்டி

என்னைக் கேட்டால் நம் இரண்டு மாவட்டங்களில் பெரும்பாலானவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பம்ப் மெக்கானிக்கல் என்பதால் ஊர் மெக்கானிக் கை வைப்பார். ஸ்டீயரிங் ஒற்றை விரலில் திரும்பும். எண்ணெய் பிரேக் நனைந்தாலும் பிடிக்கும், வருடக்கணக்கில் தேயாது. டூயல் கிளட்ச் இருந்தால் ரோட்டவேட்டர் வேலை சுகம். சிங்கிள் கிளட்ச் வண்டியில் பெடலை மிதித்தால் சக்கரத்தோடு, ரோட்டவேட்டரைச் சுற்றவைக்கும் பின்பக்கத் தண்டான பி.டி.ஓ.வும் நின்றுவிடும். டூயலில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். வரப்பு ஓரத்தில் திருப்பும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

ஹைட்ராலிக் தூக்கும் திறனும் கூடுதல். பழைய 1035 தூக்குவது 1,100 கிலோ அளவு. இந்தத் தலைமுறையின் 45 ஹெச்.பி. வண்டிகள் 1,500 கிலோ அளவில் தூக்கும்.

சிக்கல் ஒன்றே ஒன்று. நல்ல வண்டி விற்பனைக்கு வருவது அரிது. தன் நிலத்துக்கு மட்டும் ஓட்டியவர் லேசில் விற்கமாட்டார். சந்தைக்கு வருவதில் பாதி, வாடகைக்கு அடித்து ஓட்டியதோ தவணை கட்டாமல் பைனான்ஸ்காரர் பிடித்ததோவாக இருக்கும். தவணை கட்ட முடியாதவர் ஆயில் மாற்றவும் காசு போட்டிருக்க மாட்டார் என்பதை நினைவில் வையுங்கள். மணி மீட்டரையும் நம்பிவிடக் கூடாது. மெக்கானிக்கல் மீட்டர் இன்ஜின் வேகத்தைப் பொறுத்துத்தான் ஓடும், மெதுவாக ஓடிய நேரத்தைக் குறைத்தே காட்டும். ஒயரைக் கழற்றிவிட்டால் நின்றே போகும். பெடல் ரப்பர், சீட், கியர் குமிழ், லிங்க் பின் ஓட்டை இவற்றின் தேய்மானத்தைப் பார்த்தால் நிஜமான ஓட்டம் தெரிந்துவிடும். மீட்டரில் 2,000 மணி, ஆனால் பெடல் ரப்பர் வழவழவென்று இரும்பு தெரிகிறது என்றால் மேலே பேச வேண்டாம்.

இன்னொன்று, கை மாறிய வண்டிக்குக் கடன் வாங்கினால் வட்டி புது வண்டிக் கடனைவிடக் கூடுதல்.

## ஷோரூம் வண்டி

50 ஹெச்.பி.க்குக் கீழே வாங்குபவர் நடுத்தலைமுறை வண்டியின் எல்லா வசதியையும் வாரன்டியோடு வாங்குகிறார். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டர் டயருக்கும் பல பாகங்களுக்கும் 18-லிருந்து 5 ஆனது. பழையதற்கும் புதியதற்கும் இருந்த விலை இடைவெளி அதில் கொஞ்சம் சுருங்கியது. பாகங்களின் வரி குறைந்ததில் பழைய வண்டிக்காரருக்கும் லாபம்தான்.

மானியமும் புது வண்டிக்குத்தான். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், பட்டியலின விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று உச்சவரம்போடு உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். நிதி இருப்பதைப் பொறுத்துத்தான் முறை வரும். மானியம் வரும் என்று நம்பி முன்பணத்தைக் கட்டிவிட்டு நிற்காதீர்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே வாங்க வேண்டும்.

50 ஹெச்.பி.க்கு மேலே கதை வேறு. காமன் ரெயில் இன்ஜின் டீசலை மிச்சம் பிடிக்கும், இழுவை நன்றாக இருக்கும், புகையும் குறைவு. ஆனால் அதன் இன்ஜெக்டர் துளைகள் மிக நுண்ணியவை. நாம் டீசலை எப்படி வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கொட்டகை மூலையில் ஒரு பழைய கேன், மூடிக்குப் பதிலாக ஒரு துணி, உள்ளே அடியில் ஒரு விரல்கடை தண்ணீரும் தூசும். பழைய பம்ப் அதைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டாவது ஓடும். இந்த இன்ஜின் தாங்காது. ஒரு தொகுதி இன்ஜெக்டர் போனால் வரும் பில், பழைய வண்டியின் முழு இன்ஜின் வேலைக்குச் சமமாக இருக்கும். பிழையைக் கண்டுபிடிக்கவே கம்பெனி ஆள் லேப்டாப்போடு வரவேண்டும். பட்டம் தொடங்கிய நாளில் அவருக்கும் பத்து இடத்தில் வேலை இருக்கும். சில மாடல்களில் புகை வடிகட்டியும் உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள இன்ஜின் நன்றாகச் சூடேற வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துகிற வேலைக்கு அது ஆகாது.

கம்பெனி சர்வீஸ் சென்டர் இருக்கும் ஊரைச் சுற்றி இருப்பவர்கள், ஆறடி, ஏழடி ரோட்டவேட்டரும் வைக்கோல் கட்டும் பேலரும் வாடகைக்கு ஓட்டுபவர்கள் தாராளமாக எடுக்கலாம். பத்து ஏக்கருக்கு 55 ஹெச்.பி. எடுப்பது வீண் பாரம்.

புது வண்டியின் மறைந்த செலவு, முதல் வருட மதிப்புச் சரிவு. ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே லட்சக்கணக்கில் இறங்கிவிடும். வாரன்டி நிற்கவேண்டுமென்றால் சர்வீஸை அங்கேயே, சொன்ன மணிக்குச் செய்ய வேண்டும். வெளி ஆயில் ஊற்றினால் வாரன்டி பேச்சே எடுக்க முடியாது. உலர் வகை ஏர் பில்டரை நம் ஆட்கள் டயர் கடைக் காற்றுக் குழாயை ஒட்டிப் பிடித்து ஊதுவார்கள். காகிதம் கிழிந்து, செம்மண் தூசி நேராக லைனருக்குப் போகும். இதனால் கெட்டது வாரன்டியில் வராது.

## கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கீழே இருப்பது நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் எண்ணைப் போட்டு நீங்களே மாற்றிப் பாருங்கள். ஐந்து வருடம் வைத்திருந்து விற்பதாகக் கணக்கு.

பழைய வண்டி: விலை 3 லட்சம், எடுத்ததும் வேலை 60 ஆயிரம். சொந்த வேலைக்கு மட்டும் ஓட்டினால் வருட ரிப்பேர் 40 ஆயிரம், கடைசியில் விற்பது 2 லட்சம். வாடகைக்கும் ஓட்டினால் ரிப்பேர் 1 லட்சம், விற்பது ஒன்றரை லட்சம். இதோடு மணிக்கு அரை லிட்டர் கூடுதல் டீசல், 46 ரூபாய்.

நடுத்தலைமுறை: விலை 5 லட்சம், அதில் 2 லட்சம் 15 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன். எடுத்ததும் வேலை 30 ஆயிரம். வருட ரிப்பேர் 25 ஆயிரம், விற்பது மூன்றரை லட்சம். வாடகைக்கும் ஓட்டினால் ரிப்பேர் 60 ஆயிரம், விற்பது 3 லட்சம்.

புதுசு: விலை 8 லட்சம், முன்பணம் 2 லட்சம், மீதி 6 லட்சம் 12 சதவீதத்தில் ஐந்து வருடம். அதற்கு வட்டி மட்டுமே 2 லட்சம் ஆகிறது. சர்வீஸும் காப்பீடும் வருடத்துக்கு 27 ஆயிரம், விற்பது நாலரை லட்சம். வாடகைக்கும் ஓட்டினால் 42 ஆயிரம், விற்பது 4 லட்சம்.

| வண்டி | வருடம் 250 மணி ஓடினால், மணிக்கு | வருடம் 700 மணி ஓடினால், மணிக்கு |
|---|---|---|
| 2010-க்கு முந்தையது | ரூ. 334 | ரூ. 249 |
| 2010-க்குப் பிந்தைய, கை மாறியது | ரூ. 312 | ரூ. 176 |
| ஷோரூம் வண்டி (50 ஹெச்.பி.க்குள்) | ரூ. 548 | ரூ. 231 |

இது வண்டி வைத்திருக்கும் செலவு மட்டும். வழக்கமான டீசலும் டிரைவர் கூலியும் தனி.

இருநூற்றைம்பது மணி ஓட்டுபவருக்குப் புது வண்டி மணிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாக விழுகிறது. நிலத்தின் வருமானத்திலிருந்து அந்தத் தவணையைக் கட்டியாக வேண்டும். தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கிய வருடத்திலும் தவணை நிற்காது. எழுநூறு மணி ஓட்டுபவருக்கோ புது வண்டி பழையதைவிட மலிவாகவே வந்துவிடுகிறது. வண்டி படுத்து வாடகை போன நாட்களை இதில் சேர்க்கவே இல்லை.

நடுத்தலைமுறை இரண்டு பக்கமும் முன்னால் நிற்கிறது. நல்ல வண்டி கிடைத்தால் என்ற நிபந்தனையோடுதான் அதை வாசிக்க வேண்டும். தெரியாமல் இன்ஜின் வேலையுள்ள வண்டியை எடுத்தால் ஒரே பில்லில் இந்தச் சாதகம் கரைந்துவிடும்.

## பயிரைப் பொறுத்து

மாந்தோப்புக்காரர்கள் ஹெச்.பி.யைவிட உயரத்தைப் பாருங்கள். போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கத்துப் பழைய தோப்புகளில் கிளை தாழ்ந்து கிடக்கும். உயரமான வண்டியில் ஓட்டுபவர் பாதி நேரம் குனிந்தே இருக்க வேண்டும், புகைக்குழாய் கிளையில் இடிக்கும். தோப்புக்கும் மல்பெரிக்கும் கரும்பு இடைவரிசைக்கும் 24 முதல் 27 ஹெச்.பி. நான்கு சக்கர இழுவை மினி டிராக்டர்தான் சரி. அதில் பழைய தலைமுறை என்று பெரிதாக எதுவும் சந்தையில் இல்லை. புதிதாகவோ, சில வருடம் ஓடியதாகவோதான் எடுக்க வேண்டியிருக்கும்.

கரும்பு பாரம் ஏற்றி ஆலைக்குப் போகிறவர் பிரேக்கையும் எடையையும் பார்த்து நடுத்தலைமுறைக்கு மேலேதான் போக வேண்டும்.

ராகி, சாமை, துவரை என்று மானாவாரி மூன்று, நான்கு ஏக்கர் மட்டும் வைத்திருப்பவருக்கு எந்த டிராக்டரும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை உழவன் செயலியில் இ-வாடகை மூலம் பதிவு செய்யலாம், வாடகை தனியாரைவிடக் குறைவு. பட்டம் தொடங்கும் நாட்களில் முறை கிடைப்பது சிரமம் என்பதால், கோடை மழையிலேயே ஒரு உழவைப் போட்டு நிலத்தைத் திறந்து வைத்துவிடுங்கள். ஆடியில் அவசரம் பாதியாகக் குறையும்.

## கை மாறிய வண்டியைப் பார்க்கப் போகும்போது

சொல்லாமல் காலையில் போங்கள். போனதும் சாவி கேட்காமல் இன்ஜினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். அது ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். "அண்ணா, இப்பத்தான் போர் பண்ணினது, இன்னும் பத்து வருசத்துக்குக் கை வைக்க வேண்டாம்" என்று புரோக்கர் சொல்வார். போர் என்றால் சிலிண்டரைக் கடைந்து இன்ஜினைப் புதுப்பிப்பது. அந்த வேலையின் பில்லையும் செய்த ஒர்க்‌ஷாப்பின் பெயரையும் கேளுங்கள். செய்தவர் பக்கத்து ஊர்க்காரர்தான், ஒரு வார்த்தை விசாரித்துவிடலாம்.

ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று தள்ளக் கூடாது. தள்ளினால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட். ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் பால் கலந்த நிறம் இருந்தால் ஆயிலில் தண்ணீர்.

அடுத்ததுதான் நான் எப்போதும் விடாமல் செய்யச் சொல்வது. ரோட்டவேட்டரை மாட்டி முழுக்கத் தூக்கி இன்ஜினை நிறுத்துங்கள். அது நிற்கும் உயரத்துக்கு ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, பத்து நிமிடம் வேறு பேச்சுப் பேசுங்கள். அதன் கீழே மட்டும் யாரும் நிற்க வேண்டாம். திரும்பிப் பார்க்கும்போது குச்சியைவிட ஒரு சாண் இறங்கியிருந்தால் ஹைட்ராலிக்கில் சீலோ வால்வோ போயிருக்கிறது. பிறகு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பாருங்கள், ஆக்சில் பின் ஆட்டம் தெரிந்துவிடும். கடைசியாக நிலத்தில் கலப்பையை இறக்கி ஒரு சுற்று ஓட்டாமல் விலை பேசாதீர்கள்.

காகிதத்தில் மூன்று. ஆர்.சி. (பதிவுச் சான்று) பதினைந்து வருடத்துக்கு மேலான வண்டியென்றால் புதுப்பித்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு, அது இல்லாமல் டிரெய்லரைச் சேர்த்து விலை பேச வேண்டாம். ஆர்.சி.யில் வங்கி அல்லது பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்த தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்தை அன்றே வாங்கி, தாமதிக்காமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். விவசாய வண்டி என்று காப்பீடு செய்துவிட்டு டிரெய்லரில் ஆள் ஏற்றிப் போய் விபத்தானால் காப்பீடு கைகொடுக்காது. பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் இது பொது.